மேடையை விட்டு இறங்கினால் குற்றம்

கேள்வி இது: "1940, 50களில் அமெரிக்காவில் ஓர் ஆண் பெண் உடை உடுத்தித் தெருவில் நடந்தால் கைது செய்வார்கள் என்று ஓரிடத்தில் படித்தேன். அதே காலத்தில் பெண் வேடமிட்ட ஆண்கள் ஆடிப் பாடும் நைட் கிளப்களுக்குக் கணவனும் மனைவியுமாகப் போய்ப் பார்த்தார்கள் என்று இன்னோரிடத்தில் படித்தேன். எது உண்மை? அந்தக் கலைஞர்கள் யார்? அவர்களைப் பற்றி ஏன் அதிகம் கேள்விப்படுவதில்லை?"

இரண்டுமே உண்மைதான். ஒரே ஊரில், ஒரே இரவில், ஒரே ஆளுக்கு இரண்டும் நடந்திருக்கிறது. இரவு பத்து மணிக்கு இசைக்குழு வாசிக்க, பட்டு கவுனும் உயர்ந்த கொண்டையுமாக ஒருவர் மேடையில் பாடுவார். கீழே சுற்றுலா வந்தவர்களும் தேனிலவுக்கு வந்த ஜோடிகளும் கைதட்டுவார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அவர் முகத்தைக் கழுவி, சட்டையும் பேண்டும் மாட்டிக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். அதே கவுனோடு பஸ் பிடிக்கப் போனால் போலீஸ் பிடிக்கும். மேடைக்கும் தெருவுக்கும் நடுவில் இருந்த அந்தக் கதவு எப்படி வந்தது, அதை யார் காவல் காத்தார்கள் என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நமக்கு ஸ்திரீபார்ட் நடிகர்கள் நினைவுக்கு வருவார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. ஸ்திரீபார்ட்டில், நடிப்பவர் ஆண் என்பதை மறந்துவிட்டு வள்ளியாகவே பார்க்க வேண்டும். அதுதான் அந்த நடிகரின் வெற்றி. இந்த அமெரிக்க நைட் கிளப்களில் பார்ப்பவர் ஒருபோதும் அதை மறந்துவிடக் கூடாது. "இவ்வளவு அழகான பெண், ஆனால் ஆண்!" என்ற அந்த வியப்புக்குத்தான் காசு. பல நிகழ்ச்சிகள் விக்கைக் கழற்றிக் காட்டுவதோடு முடிந்ததும் அதனால்தான். டி.சி. ஜோன்ஸ் என்பவர் 1956ல் நியூயார்க்கின் புகழ்பெற்ற பிராட்வே நாடக மேடை வரை போனவர். அசல் நடிகைகளே தோற்கும் அளவுக்கு அவர்களைப் போலப் பேசிக் காட்டிவிட்டு, கடைசியில் விக்கைக் கழற்றி வழுக்கைத் தலையோடு வணக்கம் சொல்வார். அது வெறும் வேடிக்கை அல்ல என்பது என் கருத்து. "பயப்படாதீர்கள், நான் ஆண்தான், இது தொழில்தான்" என்று பார்ப்பவர்களுக்கும் போலீஸுக்கும் சேர்த்தே சொன்ன உறுதிமொழி அது.

முதலில் சட்டம். ஒஹாயோவின் கொலம்பஸ் நகரம் 1848லேயே "தன் பாலுக்கு உரியதல்லாத உடை" அணிந்து பொது இடத்தில் வருவதைத் தடை செய்தது. சிகாகோ 1851ல், சான் பிரான்சிஸ்கோ 1863ல், லாஸ் ஏஞ்சலஸ் 1898ல் அதே வழியில் போயின. நியூயார்க்கின் கதை இவற்றைவிட விசித்திரமானது. அங்கே பயன்பட்ட 1845ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் பெண் உடைக்கும் சம்பந்தமே இல்லை. ஹட்சன் பள்ளத்தாக்கில் நிலப்பிரபுக்களுக்குக் குத்தகை கொடுக்க மறுத்த விவசாயிகள், முகத்தில் சாயம் பூசி, செவ்விந்தியர் போல வேடமிட்டுக்கொண்டு, ஜப்திக்கு வந்த அதிகாரிகளை விரட்டினார்கள். அவர்களை அடக்கத்தான் முகத்தை மறைத்தும் மாறுவேடமிட்டும் பொது இடத்தில் கூடுவதைக் குற்றமாக்கினார்கள். விவசாயிகள் போராட்டம் முடிந்துபோனது, சட்டம் மட்டும் தங்கிவிட்டது. நூறு ஆண்டுகள் கழித்து மன்ஹாட்டனில் கவுன் போட்ட ஆட்களைப் பிடிக்க போலீஸுக்கு அது கைகொடுத்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு சந்தும் இருந்தது. முறையாக அனுமதி பெற்ற மாறுவேட நடனங்களுக்கு விலக்கு உண்டு. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பினத்தவர்களின் ஹாமில்டன் லாட்ஜ் என்ற சங்கம் 1869 முதல் ஆண்டுதோறும் நடத்திய மாறுவேட நடனம், 1920களில் ஆயிரக்கணக்கானோர் கூடும் பெண் வேடத் திருவிழாவாகவே மாறியது அந்தச் சந்து வழியாகத்தான்.

வயதான கலைஞர்கள் பலர் ஒரு விதியைச் சொல்வார்கள்: "பிறந்த பாலுக்குரிய துணிகள் குறைந்தது மூன்று உடம்பில் இருந்தால் கைது செய்ய முடியாது." உள்ளாடை, காலுறை, பனியன் என்று எண்ணிப் போட்டுக்கொண்டு போவார்களாம். நியூயார்க் சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு விதி எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் தெருவில் போலீஸ்காரர் நிறுத்தித் துணியை எண்ணினார் என்று அத்தனை பேர் சொல்லும்போது, அது இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எழுதிய சட்டத்தைவிட எழுதாத சட்டம் அதிகம் வேலை செய்த உலகம் அது.

அப்புறம் சாராயம். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. எல்லா பாரும் திருட்டு பார் என்பதால், அங்கே யார் என்ன உடை உடுத்தி ஆடினாலும் கூடுதல் குற்றம் எதுவும் இல்லை. 1930 வாக்கில் நியூயார்க்கில் பெண்மை மிளிரும் ஆண் கலைஞர்களுக்குப் பெரிய மவுசு இருந்தது. 1933ல் மதுவிலக்கு போனதும் சுதந்திரம் கூடியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது தலைகீழ். மாநிலத்துக்கு மாநிலம் மது வாரியங்கள் வந்தன. பார் நடத்த லைசென்ஸ் வேண்டும், இடம் "ஒழுங்காக" இருந்தால்தான் லைசென்ஸ். தன்பாலீர்ப்பாளர்கள் கூடினாலே இடம் ஒழுங்கற்றது என்று வாரியங்கள் முடிவு கட்டின. அன்றிலிருந்து கிளப் உரிமையாளருக்குப் பெரிய பயம் சிறையல்ல, லைசென்ஸ் போய்விடுமோ என்பதுதான். நான் மேலே சொன்ன கதவுக்கு அந்தப் பயம்தான் காவல்.

சான் பிரான்சிஸ்கோவின் ஃபினோக்கியோஸ் கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோ ஃபினோக்கியோ 1929ல் திருட்டு பாராகத் தொடங்கிய இடம். ஒருநாள் ஒருவர் பெண் வேடத்தில் எழுந்து பாட, கூட்டம் அதிர்ந்ததைப் பார்த்து இதில் வியாபாரம் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டார் என்பார்கள். 1936ல் போலீஸ் சோதனை வந்தது. அதன் பிறகு அந்த ஊரிலேயே பிராட்வே தெரு 506ஆம் எண்ணுக்கு மாறினார், விதிகளையும் மாற்றினார். கலைஞர்கள் வாடிக்கையாளர்களோடு உட்காரக் கூடாது. மேடை முடிந்தால் ஒப்பனை அறைதான். இந்தக் கெடுபிடியால் கிளப் மரியாதைக்குரிய இடமானது. சுற்றுலா பஸ்கள் வாசலில் வந்து நின்றன. ஊருக்கு வந்தால் கோல்டன் கேட் பாலத்தைப் பார், ஃபினோக்கியோஸைப் பார் என்கிற நிலை வந்தது. பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் வெளியூர்த் தம்பதிகள். 1999 நவம்பரில்தான் அந்தக் கிளப் மூடப்பட்டது.

நடுவில் போர் வந்தது. இராணுவம் வீரர்களைக் கொண்டே வீரர்களுக்கு நாடகம் போட்டது. முகாம்களில் பெண்கள் இல்லை, ஆகவே பெண் வேடமும் வீரர்களே. படைகளுக்கு அனுப்பிய நாடகக் கையேட்டில் பெண் உடை தைப்பதற்கான வெட்டு மாதிரிகளையும் இராணுவம் சேர்த்து அனுப்பியது. அதே இராணுவம் தன்பாலீர்ப்பு என்று சந்தேகம் வந்தவர்களை நீல நிறத் தாளில் பணிநீக்கச் சான்று கொடுத்து வெளியேற்றியது. அந்தத் தாளோடு வந்தவருக்கு நல்ல வேலை கிடைப்பது கஷ்டம், முன்னாள் வீரர் சலுகைகளும் கைக்கு எட்டவில்லை. முகாம் மேடையில் கவுன் கட்டி ஆடப் பழகிய பலர், போர் முடிந்ததும் சொந்த ஊருக்குத் திரும்பாமல் பெருநகரங்களிலேயே தங்கினார்கள். 1940களின் பிற்பாதியில் இந்தக் கிளப்கள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி, இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த குழு. 1939ல் மயாமியில் டேனி பிரவுன், டாக் பென்னர் என்ற இருவர் ஜூவல் பாக்ஸ் ரெவ்யூ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். தொழிலில் மட்டுமல்ல, வாழ்க்கையிலும் துணைவர்கள். குழு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் நாடு முழுக்கச் சுற்றியது. வெள்ளையர், கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், பூர்வகுடியினர் எல்லாரும் ஒரே வரிசையில் நின்று ஆடினார்கள். தெற்கே பல ஊர்களில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடக்கூட இவர்களுக்கு அனுமதி இல்லாத காலம் அது. ஹார்லெமின் அப்பல்லோ, வாஷிங்டனின் ஹோவர்ட், சிகாகோவின் ரீகல், பிலடெல்பியாவின் அப்டவுன் என்று கறுப்பினத்தவர்களின் பெரிய அரங்குகளில் இவர்களுக்கு ஆண்டுதோறும் இடம் உண்டு. நேரடி இசைக்குழு, சொந்தக் குரலில் பாட்டு, நடனம், நகைச்சுவை. பதிவு செய்த பாட்டுக்கு வாயசைப்பதைத்தான் இன்று பலரும் டிராக் (பெண் வேடக் கலை) என்று நினைக்கிறார்கள். அன்றைய கலைஞர்கள் பாடத் தெரியாமல் மேடையேற முடியாது. வாயசைப்பு 1960களில் பெருகியதற்குக் காரணம், இசைக்குழுவுக்குச் சம்பளம் கொடுக்க மனமில்லாத சிறிய பார்கள்.

ஜூவல் பாக்ஸின் விளம்பரம் "இருபத்தைந்து ஆண்களும் ஒரு பெண்ணும்". அந்த ஒரு பெண் யார் என்று இரவு முழுக்கக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இறகும் ஜிகினாவுமாக ஆடும் அத்தனை அழகிகளையும் கூட்டம் உற்று உற்றுப் பார்க்கும். டக்சீடோ என்ற ஆண்களின் விருந்துக் கோட்டு போட்டு, முடியை ஒட்ட வெட்டி, கனத்த குரலில் நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருக்கும் அந்த மிடுக்கான ஆணை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கடைசிப் பாட்டில் தெரியவரும், அந்தப் பெண் அவர்தான் என்று.

அவர் பெயர் ஸ்டார்மே டெலார்வேரி. 1920ல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். தாய் கறுப்பினத்தவர், தந்தை வெள்ளையர். இரண்டு பக்கத்துப் பையன்களிடமும் அடி வாங்கி வளர்ந்தவர். ஜாஸ் பாடகியாக இருந்துவிட்டு 1955ல் ஜூவல் பாக்ஸில் சேர்ந்தார். 1969 வரை அதன் தொகுப்பாளர். புகைப்படக் கலைஞர் டயான் ஆர்பஸ் 1961ல் எடுத்த படம் ஒன்றில், பூங்கா பெஞ்சில் கால்மேல் கால் போட்டு, விரலிடுக்கில் சிகரெட்டோடு அவர் உட்கார்ந்திருப்பார். மேடைக்கு வெளியிலும் அதே கோட்டு சூட்டுதான். அதற்கு முன் பெண் உடையில் போனபோது போலீஸ் பிடித்ததும் உண்டு, பெண் வேடமிட்ட ஆண் என்று நினைத்து! நியூயார்க்கில் பெண்களை நேசித்த பெண்கள் பலர் அவரைப் பார்த்துத்தான் தாங்களும் ஆண் உடையில் வெளியே வரத் தைரியம் பெற்றார்கள். ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இவரை எந்தச் சொல்லால் குறிப்பது என்று பத்தி பத்தியாக விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் "அவர்" என்று எழுதிவிடுகிறேன், அவருக்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

நியூயார்க்கில் இன்னொரு வகை கிளப்பும் இருந்தது. கிழக்கு 4ஆம் தெரு 82ஆம் எண் கட்டடத்தின் நிலவறையில் 1953ல் திறந்த கிளப் 82. அதற்கு முன்னோடி, செகண்ட் அவென்யூவில் இருந்த கிளப் 181. இரண்டிலும் ஜெனோவேஸ் மாஃபியா குடும்பத்தின் கை இருந்தது. வீட்டோ ஜெனோவேஸின் மனைவி அன்னாதான் முன்னால் நின்று நடத்தினார். மாஃபியா ஏன் இதில் இறங்கியது என்றால், காரணம் மறுபடியும் லைசென்ஸ்தான். எந்த நேரமும் வாரியம் பூட்டுப் போடக்கூடிய தொழிலில் நேர்மையான முதலாளி பணம் போட மாட்டார். போலீஸுக்கு மாதாமாதம் மாமூல் கட்டத் தெரிந்தவர்தான் போடுவார். கிளப் 82ல் மேடையில் ஆண்கள் பெண் வேடத்தில் ஆட, மேசைகளில் பெண்கள் டக்சீடோ போட்டுப் பரிமாறினார்கள். ஹாலிவுட் நட்சத்திரங்கள் வந்து போனார்கள். அந்தக் கலைஞர்களுக்கு நிலையான வேலையும் சம்பளமும் கிடைத்தன, உண்மை. அவர்களைக் காப்பாற்றியவர்களே அவர்களைச் சுரண்டியவர்களும் என்பதும் உண்மை. முதலாளி அடித்தாலும் கூலியில் கைவைத்தாலும் எந்தக் காவல் நிலையத்தில் போய்ச் சொல்வது?

நியூ ஆர்லியன்ஸுக்கு வருவோம். இந்த ஊரைப் பற்றி மட்டுமே தனியாக ஒரு பதில் எழுதலாம். அங்கே வெள்ளையருக்கு ஒரு கிளப், கறுப்பினத்தவருக்கு ஒரு கிளப். பான்சர்ட்ரெயின் ஏரிக்கரையில் மரத்தூண்கள் மேல் நின்ற கிளப் மை-ஓ-மை வெள்ளையர்களுக்கு. 1972ல் அது தீயில் எரிந்தது. லாசால் தெருவில் ஃபிராங்க் பானியா 1939ல் தொடங்கிய ட்யூ டிராப் இன் கறுப்பினத்தவர்களுக்கு. அது ஒரே கூரையின்கீழ் முடிதிருத்தகம், ஓட்டல், தங்கும் விடுதி, நைட் கிளப். வெள்ளையர் ஓட்டல்களில் அறை கிடைக்காத கறுப்பின இசைக்கலைஞர்கள் எல்லாரும் அங்கேதான் தங்கினார்கள், இரவில் அங்கேயே வாசித்தார்கள். இரு இனத்தாரும் ஒன்றாக உட்கார்ந்ததற்காக 1952ல் போலீஸ் உள்ளே புகுந்து, பார்க்க வந்திருந்த வெள்ளை நடிகர் ஒருவரோடு சேர்த்து பானியாவையும் கைது செய்தது. பெண் வேடத்துக்காக அல்ல என்பதைக் கவனியுங்கள்.

அந்த ட்யூ டிராப்பின் மேடையைப் பல ஆண்டுகள் ஆண்டவர் பேட்ஸி விடாலியா. இயற்பெயர் இர்விங் ஏல். பெண் உடையில் தொகுப்பாளராக நின்று, பாடி, வந்தவரை எல்லாம் கிண்டலடித்து, பெரிய பெரிய பாடகர்களை மேடைக்கு அழைத்தவர். ஆண்டுதோறும் அக்டோபர் 31ல் வரும் மாறுவேடப் பண்டிகையான ஹாலோவீன் அன்று பெண் வேடக்காரர்களின் நடன விருந்தையும் அவர்தான் நடத்தினார். ஊரே வந்தது. கறுப்பினத்தவர்களின் பேட்டைகளில் இந்தக் கலைஞர்கள் ஒளிந்து வாழவில்லை. கறுப்பினத்தவர்களுக்கான எபோனி, ஜெட் இதழ்கள் 1950களில் ஹார்லெம், சிகாகோ மாறுவேட நடனங்களைப் படங்களோடு அச்சிட்டன. இன்று நமக்குக் கிடைக்கும் நல்ல சான்றுகளில் பல அந்த இதழ்களிலிருந்து வந்தவை.

ட்யூ டிராப்பிலிருந்து ஒரு கிளை உலகம் முழுக்கப் போனது. ஜார்ஜியாவிலிருந்து வந்த ரிச்சர்ட் பென்னிமன் என்ற இளைஞர் ஊர் ஊராகச் சுற்றும் கூத்துக் குழுக்களில் "பிரின்சஸ் லவோன்" என்ற பெயரில் பெண் வேடத்தில் பாடியவர். 1955 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸ் ஸ்டுடியோ ஒன்றில் அவருக்குப் பதிவு. காலையிலிருந்து பாடியும் எதுவும் தேறவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் ட்யூ டிராப்புக்குப் போனார்கள். பியானோவைக் கண்டதும் அவர் அதில் உட்கார்ந்து, கிளப்களில் தான் பாடிவந்த ஒரு பச்சையான பாட்டை அலறினார். தயாரிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். டோரதி லபோஸ்ட்ரி என்ற பெண்ணை அழைத்து அவசரமாக வரிகளை மாற்றி எழுத வைத்து, அன்றே பதிவு செய்தார்கள். அதுதான் "டுட்டி ஃப்ரூட்டி". அவர்தான் லிட்டில் ரிச்சர்ட். கண்மை, உயர்த்திய முடி, அந்தக் கூச்சல் எல்லாமே பெண் வேட மேடைகளில் பழகியவை. ராக் அண்ட் ரோல் வரலாற்றை எழுதும் பலர் தேவாலயப் பாட்டைச் சொல்வார்கள், ப்ளூஸைச் சொல்வார்கள், இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். அது நியாயமே இல்லை. பாபி மார்ச்சன் என்ற இன்னொருவரும் ஒஹாயோவிலிருந்து பெண் வேடக் குழுவோடு ட்யூ டிராப்புக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவர். 1960ல் அவருடைய பாட்டு ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

மறுபடி சான் பிரான்சிஸ்கோ. ஃபினோக்கியோஸிலிருந்து சிறிது தூரத்தில், மான்ட்கோமரி தெரு 710ஆம் எண்ணில் பிளாக் கேட் என்ற பார். ஃபினோக்கியோஸ் சுற்றுலாப் பயணிகளுக்கு, பிளாக் கேட் ஊர்க்காரர்களுக்கு. அங்கே பரிமாறிக்கொண்டே பாடியவர் ஹோசே சரியா. இரண்டாம் உலகப் போரில் இராணுவத்தில் இருந்தவர். ஆசிரியராக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தபோது ஒழுக்கக் குற்றம் என்று கைது செய்தார்கள். ஆசிரியர் வேலைக் கனவு அன்றோடு முடிந்தது. ஞாயிறு மதியங்களில் அவர் இசை நாடகங்களைக் கேலியாக மாற்றிப் பாடுவார். புகழ்பெற்ற இசை நாடகத்தின் நாயகி கார்மென், அவர் பாடும்போது சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்துப் புதர்களில் போலீஸுக்கு ஒளிந்து ஓடுவாள். சிரிப்புக்கு நடுவிலேயே, பிடிபட்டால் குற்றத்தை ஒப்புக்கொள்ளாதே, வழக்கை நடத்து, பிரிந்து நின்றால் ஒவ்வொருவராகப் பிடிப்பார்கள் என்று சொல்லிக்கொடுப்பார். முடிவில் எல்லாரையும் எழுந்து நின்று கைகோத்துப் பாடச் சொல்வார். அதுவரை பாரில் தலையைக் குனிந்து உட்கார்ந்தவர்கள் முதல்முறையாக ஒன்றாக நின்று பாடினார்கள்.

ஹாலோவீன் இரவில் மட்டும் பெண் வேடத்தை போலீஸ் கண்டுகொள்ளாது. மணி பன்னிரண்டு அடித்ததும் பண்டிகை முடிந்துவிடும், வாசலில் வண்டியோடு நிற்பார்கள். அந்த ஊர்ச் சட்டத்தில் "ஏமாற்றும் நோக்கத்துடன்" என்ற சொற்கள் முக்கியம் என்பதைப் பிடித்துக்கொண்டார் சரியா. "நான் ஆண்" என்று எழுதிய சின்னச் சின்ன அட்டைகளைச் செய்து எல்லார் கவுனிலும் குத்திவிட்டார். எழுதி ஒட்டிக்கொண்டு நிற்பவர் யாரை ஏமாற்றுகிறார்? இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர்மேல் பெரிய மரியாதையும் வந்தது.

பிளாக் கேட் உரிமையாளர் சால் ஸ்டவ்மென் லைசென்ஸுக்காக நீதிமன்றம் போனார். தன்பாலீர்ப்பாளர்கள் வந்து உட்காருகிறார்கள் என்பதற்காக மட்டும் லைசென்ஸைப் பறிக்க முடியாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1951ல் தீர்ப்பளித்தது. சட்டமன்றம் 1955ல் புதிய சட்டம் போட்டு மறுபடி நெருக்கியது. 1961ல் சரியா நகர மன்றம் போன்ற மேற்பார்வையாளர் குழுவுக்குத் தேர்தலில் நின்றார். தான் யார் என்பதை மறைக்காமல் அமெரிக்காவில் பொதுப் பதவிக்குப் போட்டியிட்ட முதல் தன்பாலீர்ப்பாளர் அவர்தான். கிடைத்த வாக்குகள் ஏறத்தாழ 5,600. தோற்றார், ஆனால் இத்தனை பேர் இருக்கிறோம் என்று அரசியல்வாதிகள் எண்ணிப் பார்க்கத் தொடங்கினார்கள். தன்னை மறைக்காத இன்னொரு தன்பாலீர்ப்பாளர் ஹார்வி மில்க் அதே குழுவுக்கு வென்றது அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து. பிளாக் கேட்டின் லைசென்ஸ் 1963ல் ஹாலோவீனுக்குச் சற்று முன்னால் போயே போனது. அந்த ஹாலோவீனுக்கும் கூட்டம் வந்தது, மது இல்லாமல் குளிர்பானத்தோடு கொண்டாடினார்கள். 1964 தொடக்கத்தில் கடையை மூடினார்கள்.

லாஸ் ஏஞ்சலஸில் நிலைமை இன்னும் நேரடியானது. அங்கே விதி எண் 9 என்று ஒன்று 1940 முதல் இருந்தது. எதிர்ப் பாலினராக உடையணிந்து நிகழ்ச்சி நடத்த போலீஸ் ஆணையத்தின் தனி அனுமதி வேண்டும். அதாவது இங்கே மேடையும் தெரு மாதிரிதான். 1960களில் அந்த ஊரில் புகழ்பெற்ற கறுப்பினத் திருநங்கைக் கலைஞர் சர் லேடி ஜாவா. நகைச்சுவை நடிகர் ரெட் ஃபாக்ஸின் கிளப்பில் அவர் ஆடினால் லைசென்ஸ் போகும் என்று போலீஸ் மிரட்டியது. 1967 அக்டோபரில் அவர் அந்தக் கிளப் வாசலில் பதாகை பிடித்துப் போராடினார். சிவில் உரிமை அமைப்பின் வழக்கறிஞர்களோடு நீதிமன்றம் போனார். விதி கிளப் உரிமையாளர்மீதுதான் பாய்கிறது, ஆகவே உரிமையாளர்தான் வழக்குப் போட முடியும் என்று திருப்பி அனுப்பினார்கள். எந்த உரிமையாளரும் முன்வரவில்லை. வயிற்றுப்பாடு பறிபோனவர் அவர், ஆனால் கேட்க உரிமை இல்லாதவரும் அவரே. 1969ல் வேறொரு வழக்கில் அந்த விதி செல்லாததாயிற்று.

ஜாவாவைப் பற்றிச் சொன்னதால் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இந்தக் கலைஞர்கள் எல்லாரையும் ஒரே பெயரால் குறிக்க முடியாது. மேடையோடு வேடத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஆணாகவே வாழ்ந்தவர்கள் உண்டு. மேடை ஒன்றுதான் தானாக இருக்க முடிந்த இடம் என்று வாழ்ந்த திருநங்கைகளும் உண்டு. 1952 டிசம்பரில் கிறிஸ்டின் ஜோர்கென்சனின் பாலின மாற்றச் செய்தி நாளிதழ்களில் வந்தபோது ஒப்பனை அறைகளில் பலருக்கும் ஒரு வழி தெரிந்தது. ஃபினோக்கியோஸில் ஆடிய அலீஷியா பிரெவார்ட் 1962ல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு பின்னர் நடிகையாக வாழ்ந்தார்.

ஏன் மறைந்துபோனார்கள் என்பது கேள்வியின் கடைசிப் பகுதி. மானுடவியலாளர் எஸ்தர் நியூட்டன் 1960களின் நடுவில் சிகாகோவிலும் கான்சஸ் சிட்டியிலும் இவர்களோடு பழகி எழுதியபோது, அவர்களே தங்களுக்குள் ஒரு கோடு கிழித்திருந்ததைக் கண்டார். "மேடைக்காரர்", "தெருக்காரர்" என்று. மேடைக்காரர் தொழில்முறைக் கலைஞர், கவுனை ஒப்பனை அறையில் விட்டுவிட்டுப் போகிறவர். தெருக்காரர் பகலிலும் அப்படியே திரிகிறவர், பெரும்பாலும் இளையவர், ஏழை, அடிக்கடி கைதாகிறவர். சட்டம் போட்ட கதவு அவர்களின் மனதுக்குள்ளும் நின்றுவிட்டது. மேடைக்காரரின் பெயராவது நிகழ்ச்சிநிரல் புத்தகத்தில் அச்சானது. தெருக்காரரின் பெயர் கைதுப் பதிவேட்டில் மட்டுமே இருந்தது.

அப்புறம், 1960களில் உரிமைக்காகப் போராடத் தொடங்கிய தன்பாலீர்ப்பாளர் அமைப்புகளும் இவர்களைத் தள்ளி வைத்தன. 1965ல் வெள்ளை மாளிகை முன் நடந்த போராட்டத்துக்கு ஆண்கள் கோட்டும் டையும், பெண்கள் பாவாடையும் என்று கட்டாயம். "நாங்களும் உங்களைப் போலத்தான்" என்று காட்ட வேண்டிய நேரத்தில் இறகுத் தொப்பி வைத்தவர் பக்கத்தில் நிற்பது சங்கடமாக இருந்திருக்கிறது. அந்த அமைப்புகளின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும், சரியாவைப் போன்ற ஒருவர் பாரில் பாடிச் சேர்த்த கூட்டம் இல்லாமல் அந்த அமைப்புகளுக்கு ஆள் எங்கிருந்து வந்திருக்கும்?

சட்டங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. சான் பிரான்சிஸ்கோவின் 1863ஆம் ஆண்டுத் தடை 1974ல் நீக்கப்பட்டது. சிகாகோவின் தடையை இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் 1978ல் தன் முன் வந்த ஒரு வழக்கில் செல்லாதென்றது. ஆனால் கதவு திறந்தபோது அந்தப் பெரிய மேடைகள் பெரும்பாலும் போய்விட்டிருந்தன. மறைத்து வைத்ததைப் பார்க்கத்தான் தம்பதிகள் டிக்கெட் வாங்கினார்கள். வெளியே சாதாரணமாகக் கிடைத்தபோது ஆர்வம் குறைந்தது. தொலைக்காட்சியும் சேர்ந்து எல்லா நைட் கிளப்களையுமே வாட்டியது. ட்யூ டிராப் பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்து, புதுப்பிக்கப்பட்டு, 2024ல் மறுபடி திறந்திருக்கிறது.

ஸ்டார்மே? 1969 ஜூனில் நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடிய ஸ்டோன்வால் பாரில் போலீஸ் சோதனை நடந்து கலவரம் வெடித்தபோது அவர் அங்கே இருந்தார். முதல் அடி அவருடையதுதான் என்று பலர் சொல்கிறார்கள், இல்லை என்பவர்களும் இருக்கிறார்கள். அந்த ஆண்டே ஜூவல் பாக்ஸை விட்டார். பிறகு பல பத்தாண்டுகள் அதே ஊரின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் பெண்கள் கூடும் பார்களின் வாசலில் காவலாக நின்றார். முதுமையிலும் இரவில் அந்தத் தெருக்களைச் சுற்றி வருவார், உள்ளே இருக்கும் பெண்களை அவர் "என் குழந்தைகள்" என்றுதான் சொல்வார். 2014ல் தொண்ணூற்று மூன்று வயதில் காலமானார்.